மெம்பரின் மூன்றாவது சட்டம்

தர்மன் பிளெட்ஸோ இருபது வருஷம் எங்கள் மெம்பராக வாஷிங்டன் சபையில் உட்கார்ந்திருந்தார். கிழக்குக் கென்டக்கியின் இந்த மலைச்சரிவில் அவருக்கு ஓட்டுப் போடாத வீடு இல்லை. என் வீடும் சேர்த்திதான். அந்த இருபது வருஷத்தில் அவர் தன் பெயரில் கொண்டுவந்து நிறைவேற்றிய சட்டங்கள் மூன்றே மூன்று. முதலாவது ஒரு பாலத்துக்குப் பெயர் வைத்தது. இரண்டாவது இன்னொரு பாலத்துக்குப் பெயர் வைத்தது. மூன்றாவது, எங்கள் ஸ்டோனி ஃபோர்க் தபால் ஆபீசுக்கு என் புருஷன் ஆர்வில் ஹாட்மேக்கரின் பெயரை வைத்தது.

மற்றபடி மனுஷன் எதைக் கேட்டாலும் வேண்டாம் என்றுதான் ஓட்டுப் போடுவார். பள்ளிக்கூடத்தில் மத்தியானச் சாப்பாடா, வேண்டாம். சுரங்கத்தில் பாதுகாப்பா, வேண்டாம். கரித்தூசியில் நுரையீரல் கெட்டவனுக்கு உதவித்தொகை தரும் சட்டமா, அதற்கு இரண்டு தடவை வேண்டாம்; அவரை மீறித்தான் அது நிறைவேறியது. சர்க்கார் கையை நீட்டினால் ஜனங்கள் சோம்பேறியாகிவிடுவார்களாம். நாங்களும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினோம். எழவு வீட்டுக்கு மறக்காமல் பன்றித்தொடைக் கறி அனுப்புவார், சர்ச்சில் எங்களோடு நின்று பாடுவார், எல்லார் பெயரும் அவருக்குத் தெரியும். எங்களுக்கு அது போதுமாயிருந்தது.

ஆர்வில் முப்பது வருஷம் கேரிக் சுரங்கத்தில் கரி வெட்டினார். ஒரு தடவை கூரை சரிந்தபோது ஆறு பேரை வெளியே இழுத்துப் போட்டார். கடைசிக் காலத்தில் நாற்காலியில் உட்கார்ந்தபடியேதான் தூக்கம். படுத்தால் மூச்சு வராது. இருமித் துப்பினால் கறுப்பாக வரும். அவர் செத்ததும் கம்பெனி டாக்டர், இதயம் நின்றுவிட்டது என்று எழுதிக் கொடுத்தார். செத்தவன் எவனுக்கு ஐயா இதயம் துடிக்கிறது? அந்த ஒரு வரியைக் காட்டி எனக்கு வரவேண்டிய உதவித்தொகையை மறுத்துவிட்டார்கள். மறுபடி மனுப் போட்டேன். தூசிதான் கொன்றது என்று பெரிய மனுஷன் ஒருவர் சொன்னால் வழி பிறக்கும் என்றார் வக்கீல்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் பிளெட்ஸோ தபால் ஆபீஸ் யோசனையோடு வந்தார். தேர்தல் வருஷம் அல்லவா! என்னை வாஷிங்டனுக்கே வரவழைத்து, சபையின் மேல்மாடத்தில் உட்கார வைத்தார்கள். அப்போதெல்லாம் உள்ளே டிவி காமிரா கிடையாது. கீழே பாதி நாற்காலி காலி. அவர் எழுந்து நின்று, குரல் தழுதழுக்கப் பேசினார்.

"இந்த மனுஷன் ஆறு உயிரக் காப்பாத்தினாரு. அவரோட உயிரக் கரித்தூசி எடுத்துக்கிச்சு. முப்பது வருஷம் அந்தத் தூசியத்தான் மூச்சா இழுத்தாரு."

என் இரண்டு காதாலும் கேட்டேன். அங்கேயே அழுதுவிட்டேன். சபையில் பேசுவதெல்லாம் மறுநாளே அரசாங்க அச்சில் வந்துவிடும். இதைவிடப் பெரிய சாட்சி எனக்கு எங்கே கிடைக்கப் போகிறது?

அச்சில் வந்ததை வக்கீல் வாசித்துக் காட்டினார். ஆர்வில் 'குறுகிய கால நோய்க்குப் பின் காலமானார்' என்று இருந்தது. தூசி என்ற பேச்சே இல்லை.

மெம்பரின் ஆபீசுக்குப் போன் போட்டேன். உதவியாளன் ஒருவன் தேனொழுகப் பேசினான்.

"அம்மா, மெம்பருங்க பேசினத அச்சுக்கு முன்னாடி கொஞ்சம் சீர்படுத்திக்கிறது வழக்கம்மா. எல்லாரும் செய்யறதுதான்."

"சீர்படுத்தறதுன்னா? எம்புருஷன் எதால செத்தாருங்கறதையே மாத்துவீங்களோ?"

"அது அஞ்சலிதாம்மா. டாக்டர் சர்டிபிகேட் இல்லையே."

"ஏன்டா தம்பி, அவரு வாயால சொன்னத நான் கேட்டேன்டா!"

"நீங்க துக்கத்துல இருந்தீங்க, பாவம்."

பாவமாம்! போனைப் பட்டென்று வைத்தேன். பக்கத்து வீட்டு ஓப்பலிடம் சொன்னால் அவள் என்னையே பிடித்துக்கொண்டாள்.

"நன்றி கெட்டவடி நீ, லொரீன். எம்புருஷனுந்தான் இருமி இருமிச் செத்தான். அவன் பேருல ஒரு நாய்க்கூண்டாச்சும் உண்டா?"

"பேர வச்சு நாக்கு வழிக்கறதா?" என்றேன்.

வக்கீல்தான் வழி சொன்னார். பெயர்ப்பலகை திறக்க பிளெட்ஸோ ஊருக்கு வருவார். நாலு பேர் முன்னால் அதே வார்த்தையை இன்னொரு தடவை சொல்லிவிட்டால் போதும், தானே சாட்சிக் கையெழுத்துப் போடுவதாகச் சொன்னார்.

ஊரே திரண்டு வந்தது. வாத்தியக் கோஷ்டி, கொடி, கறி வைத்த ரொட்டி எல்லாம் இருந்தன. முன்வரிசையில் சுரங்க முதலாளி கேரிக், மடியில் தொப்பியோடு உட்கார்ந்திருந்தார். பிளெட்ஸோவின் ஒவ்வொரு தேர்தலுக்கும் கை கொடுத்தவர் அவர்தான். திரையை இழுத்தார்கள், பித்தளையில் ஆர்விலின் பெயர் பளபளத்தது. இரண்டு வார்த்தை பேசச் சொல்லி என்னை மைக் முன்னால் நிறுத்தினார்கள்.

"பிரதர் தர்மன், ஆர்வில் எதால செத்தாருன்னு வாஷிங்டன்ல சொன்னீங்களே, அத இங்க இன்னொரு தடவ சொல்லுங்க. நான் கேக்கறது அவ்வளவுதான்."

பிளெட்ஸோ கேரிக்கைப் பார்த்தார். கேரிக் தன் தொப்பியைப் பார்த்தார். வக்கீல் பேனாவைத் திறந்துவைத்திருந்தார். பிளெட்ஸோ மெதுவாக வந்து என் தோளில் கைபோட்டார்.

"நம்ம சிஸ்டர் லொரீன் மனசு ஒடைஞ்சு போயிருக்காங்க. எல்லாரும் தலை குனிவோம். ஜெபம் பண்ணுவோம்."

எல்லாத் தலையும் குனிந்தது. ஜெபத்தின் நடுவில் எங்கள் ஊரில் கைக்குழந்தைகூட வாய் திறக்காது. வக்கீலும் பேனாவை மூடிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். நான் கத்தியிருக்க வேண்டும். அந்தக் கையை உதறிவிட்டு, சொல்லய்யா என்று சட்டையைப் பிடித்திருக்க வேண்டும். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்களே. பாழாய்ப்போன என் தலையும் குனிந்தது. ஆர்விலின் வீரத்துக்காகவும், தேசத்துக்காகவும், வேலை தருகிற கேரிக் குடும்பத்துக்காகவும் அவர் நீளமாக ஜெபித்தார். முடிவில் ஊரோடு சேர்ந்து என் வாயும் ஆமென் என்றது.

கண்ணைத் திறந்தபோது அவர் மேடையை விட்டு இறங்கியிருந்தார். கேரிக்கின் காரில் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

நவம்பர் தேர்தலில் பிளெட்ஸோதான் ஜெயித்தார். என் மனு தள்ளுபடியான கடிதம் அதற்கடுத்த வாரம் வந்தது. அதை ஆர்வில் ஹாட்மேக்கர் தபால் ஆபீசில்தான் வாங்கிக்கொண்டேன்.