கீழே வைத்த திருகு

இதைச் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம். கார் பச்சை நிறம் என்று ஒரு சமயம் தோன்றுகிறது, சாம்பல் என்று இன்னொரு சமயம். எனக்குச் சொன்னவர்கள் மூன்று பேர். மூவரும் மூன்று விதமாகச் சொல்லி, மூன்று வேறு இடங்களில் சிரித்தார்கள். ஆனால் அன்று ஞாயிற்றுக்கிழமை என்பதும், ஐந்து மணிக்குள் ஒரு பதில் சொல்லியாக வேண்டியிருந்தது என்பதும் நிச்சயம்.

பதில் சொல்ல வேண்டியவள் பிளம்பரின் மனைவி. பெரிய ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு வருடம் வார்டு வார்டாக நடந்த நர்ஸ். குன்றின் மேல் புதிதாகத் திறந்த சின்ன கிளினிக்கில் பொறுப்பு நர்ஸாக அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். பகல் வேலை, தனி அறை, தனி மேசை. அவளுக்கென்று ஒரு மேசை அதுவரை இருந்ததே இல்லை. வீட்டில் இருந்த ஒரே மேசையிலும் குழாய்ச் சாமான்கள்தான் குடியிருந்தன. ஒரு நிபந்தனை மட்டும் இருந்தது. அந்தப் பக்கம் பஸ் கிடையாது, சொந்த வண்டி வேண்டும். ஞாயிறு மாலை ஐந்துக்குள் வருகிறேன் என்று சொல்லாவிட்டால் அடுத்தவரைக் கூப்பிடுவோம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

வண்டி இருந்தது. இருபத்தெட்டு வயது வண்டி. கிளட்ச்தான் வேலை செய்யவில்லை. பெடலை மிதித்தால் சேற்றில் கால் வைத்த மாதிரி அடிவரை போயிற்று. கியரைத் தொட்டால் கர்ரென்று கத்தியது.

"நான் இருக்கேன்ல? திங்கக்கிழமை காலையில வண்டி வாசல்ல நிக்கும்" என்று பிளம்பர் வாக்குக் கொடுத்துவிட்டார். மெக்கானிக்கிடம் விடலாமே என்று அவள் இழுத்தபோது அவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "மேல பெடலோட ஒரு சிலிண்டர், கீழ கியர்பெட்டியோட ஒரு சிலிண்டர், நடுவுல குழாய். குழாய்க்குள்ள தண்ணி ஓடினா என்ன, ஆயில் ஓடினா என்ன? முப்பது வருஷமா நான் என்ன பட்டமா விட்டுட்டிருந்தேன்?"

சனிக்கிழமையே குறையைக் கண்டுபிடித்தும்விட்டார். கீழ்ச் சிலிண்டரின் ரப்பர் உறைக்குள் ஆயில் கசிந்திருந்தது. புதியது வாங்கிப் பொருத்தினார். இனி உள்ளே புகுந்த காற்றை எடுக்க வேண்டும். ஒருவர் பெடலை அமுக்க, இன்னொருவர் கீழே ஒரு சின்னத் திருகைத் திறக்க, ஆயிலோடு காற்றும் வெளியே வரும். பெடலை அமுக்க மனைவியின் தம்பி கிடைத்தான். தபால் ஆபீஸில் வேலை. இவனிடம் ஒன்றைச் சொன்னால் தெரு முழுக்கச் சொன்ன மாதிரி என்பதால் எல்லோருக்கும் அவன் 'தந்தி'.

ஞாயிறு மத்தியானம் வரை இதுதான் நடந்தது:

"மாப்ள, அமுக்கு."

"அமுக்கிட்டேன் மாமா."

"அப்படியே புடி... ம், விடு."

"இதோட நூத்திப் பதினேழு. என் எடது காலுக்குத் தனியா பென்ஷன் கேட்டு எழுதிப் போடப் போறேன்."

"வாய மூடிட்டு அமுக்கு."

"நான் என்ன வாயாலயா அமுக்குறேன்?"

பிளம்பருக்கு ஒன்று மட்டும் பிடிபடவே இல்லை. திருகைத் திறந்தால் வருவதெல்லாம் சுத்தமான ஆயில். ஒரு குமிழிகூட இல்லை. ஆனால் பெடல் பஞ்சாகவே கிடந்தது. மேல் சிலிண்டர் மீது சந்தேகப்பட்டு, கீழே போகும் ரப்பர் குழாயை இடுக்கியால் நெரித்துப் பார்த்தார். பெடல் கல்லாக இறுகிற்று. அப்படியானால் மேலே குறையில்லை. கீழே இருப்பதோ நேற்று வாங்கியது. புதுசு எப்படிக் கெட்டுப்போகும்?

மூன்றரை மணிக்கு அவர் ஸ்பேனரை மார்பின் மேல் வைத்துக்கொண்டு வண்டியின் வயிற்றைப் பார்த்தபடி மல்லாந்து கிடந்தார். ஜன்னல் வழியே இஸ்திரிப் பெட்டியை வைக்கும் சத்தம் கேட்டது. அவள் யூனிஃபார்மைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். நம்பித் தேய்ப்பதைத்தான் தாங்க முடியவில்லை.

கொஞ்ச நேரத்தில் அவளே வெளியே வந்தாள். "என்னங்க, முடியாதுன்னு ஃபோன் பண்ணிடட்டுமா?"

அவர் ஸ்பேனரை மார்பின் மேலேயே உருட்டினார். தந்தி இடது காலைத் தேய்த்துக்கொண்டான். அவள் உள்ளே போகவில்லை. குந்தி உட்கார்ந்து, கன்னம் தரையில் படக் குனிந்து, அவர் பக்கத்தில் கிடந்த டார்ச்சை எடுத்து உள்ளே அடித்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"காத்து எது வழியா வரணும்?"

"அந்தத் திருகு வழியா."

"அது ஏன் அடியில இருக்கு?"

"வடிகால்னா அடியிலதான் இருக்கும். எவனாவது கூரையில வடிகால் வைப்பானா?"

"நீங்க வடிக்கிறது தண்ணியா, காத்தா?"

அவர் தலையைத் திருப்பித் திருகைப் பார்த்தார்.

"ஊசி போடுறப்ப நான் என்ன பண்றேன்? மருந்த இழுத்துட்டு, மேல பாக்க நிமித்தி, தட்டி, காத்து மேல ஏறினப்புறம்தானே தள்ளுறேன்? கவுத்துப் புடிச்சா மருந்துதான் கொட்டும், காத்து அங்கயே இருக்கும்."

தந்தி குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தான்.

"மாமா, உசுரோட இருக்கீங்களா?" என்றான் தந்தி.

புதுச் சிலிண்டரில் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு துளைகள், இரண்டும் ஒரே அளவு. குழாய்க்கு ஒன்று, திருகுக்கு ஒன்று. எது எதற்கு என்று அவர் யோசிக்கவே இல்லை. முப்பது வருடம் பழகிய கை, தலையைக் கேட்காமல் வடிகாலைக் கீழே வைத்துவிட்டது. காற்று மேலே சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்க, ஆயில் மட்டும் ஒழுங்காக வடிந்துகொண்டிருந்தது.

முதலில் வண்டி லேசாக ஆடியது. பிறகுதான் தெரிந்தது, அவர் அடியில் கிடந்து சிரிக்கிறார் என்று. சிரிப்பில் வயிறு குலுங்கி ஸ்பேனர் உருண்டு விழுந்தது.

"மூணு பாட்டில் ஆயில்! மூணு பாட்டில்!" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

"அப்ப என் நூத்திப் பதினேழு?" என்று தந்தி அலறினான்.

இரண்டையும் இடம் மாற்ற முக்கால் மணி நேரம் ஆயிற்று. தந்தியின் காலுக்கு விடுதலை கொடுத்துவிட்டு அவளே ஏறி உட்கார்ந்தாள்.

"அமுக்கும்மா."

திருகு புஸ்ஸென்று சீறியது. நுரை நுரையாகத் துப்பியது. "வருது! வருது! இன்னும் அமுக்கு! விடாத!" என்று அடியிலிருந்து கூச்சல்.

"அக்கா, ஆணா பொண்ணா?" என்று தந்தி எட்டிப் பார்த்தான்.

ஐந்தாறு தடவையில் நுரை நின்றது. அவள் மறுபடி மிதித்துப் பார்த்து, "என்னங்க, இப்ப எதுத்துப் பேசுது!" என்றாள்.

"அப்ப உன் வண்டிதான்" என்றபடி அவர் கரிமுகத்தோடு வெளியே ஊர்ந்து வந்தார்.

ஐந்துக்குப் பத்து நிமிடம். அவள் இஞ்சினை உயிர்ப்பித்து முதல் கியரைப் போட்டாள். சத்தமே இல்லாமல் விழுந்தது. வண்டி கேட்டைத் தாண்டித் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்தது. வாசலில் நிற்காமல் மறுபடியும் போயிற்று. மூன்றாவது சுற்றில் பிளம்பர் ஃபோனைத் தூக்கிக்கொண்டு, "மணி ஆச்சு! மணி ஆச்சு!" என்று கூடவே ஓடினார். அவள் நிறுத்தி, ஜன்னல் வழியே கையை நீட்டி ஃபோனை வாங்கினாள்.

"டாக்டரம்மா, நாளைக்கு எட்டு மணிக்கு வந்துடுறேன்" என்றாள். "ஆமா, வண்டி இருக்கு. ஓட்டிக்கிட்டேதான் பேசுறேன்... இல்ல இல்ல, நிறுத்திட்டுத்தான்."

அந்தக் கிளினிக்கில் அவள் ஒன்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றாள். தந்தி வேறு ஊருக்கு மாற்றலாகி அங்கேயே கல்யாணம் செய்துகொண்டான், இரண்டு பெண்கள். கார் ஏழாம் வருடம் கியர்பெட்டி உடைந்து பழைய இரும்புக்குப் போயிற்று, அதற்குள் குன்றுக்கு பஸ் வந்துவிட்டிருந்தது. பிளம்பர் இன்னும் குழாய் வேலைதான் செய்கிறார்.