டீச்சர் கொடுக்காத வாக்கு

தேர்வாய் கண்டிகைப் பள்ளியில் மணி அடித்தும் இரண்டாம் வகுப்பு ஜெனிபர் வீட்டுக்குக் கிளம்பவில்லை. கன்னியம்மா டீச்சர் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"இன்னா கண்ணு?"

"நைனா அம்மாவ அடிக்குது டீச்சர். யாராண்டையும் சொல்லாதீங்க."

சரியென்று பொய் சொல்ல டீச்சருக்கு மனம் வரவில்லை.

"உங்க ரெண்டு பேரையும் காப்பாத்தறவங்களாண்ட மட்டும் சொல்லுவேன். உம்மேல தப்பே இல்லம்மா."

உடனே குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் பேசினார். அப்பாவுக்குச் சந்தேகம் வராதபடி, நோட்டு வாங்கிப் போக வரச்சொல்லி அவள் அம்மா மெர்சியை அழைத்து, உதவி மையத்திலிருந்து வந்திருந்த பெண் அலுவலரோடு தனியாகப் பேசவைத்தார். அன்று மாலையே தாயும் மகளும் மணவாள நகரில் பெரியம்மா வீட்டுக்குப் புறப்பட்டார்கள்.

ஜெனிபர் டீச்சரின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"அந்த ஊரு ஸ்கூல்ல உங்கள மாதிரி டீச்சர் இருப்பாங்களா?"

"இருப்பாங்க. நானே அவங்களாண்ட பேசறேன்டா செல்லம்."