வெள்ளிக்கிழமை எடுத்த மாட்யூல்

திங்கட்கிழமை காலை ஆறே முக்காலுக்கு, பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் சுதர்சினி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது கிள்ளானிலிருந்து புனிதா கூப்பிட்டாள். அங்குள்ள டயாலிசிஸ் மையத்தின் மூத்த தாதி அவள்.

"அக்கா, சிஸ்டம் உள்ள விடமாட்டேங்குது லா. பாஸ்வோர்ட் எல்லாம் சரிதான். நாங்க நாலு பேரும் போட்டுப் பாத்துட்டோம்."

ஏனென்று சுதர்சினிக்கு உடனே தெரிந்துவிட்டது.

அந்த மையத்தை நடத்தும் நிறுவனத்துக்கு மொத்தம் ஒன்பது மையங்கள். எல்லா நோயாளிகளின் விவரமும் ஒரே சர்வரில் இருந்தது. அதைப் பார்த்துக்கொள்வதுதான் பதினோரு வருடமாக அவள் வேலை. யார் உள்ளே வரலாம் என்று சோதிக்க அதில் இரண்டு லாகின் மாட்யூல்களை அவள்தான் வைத்திருந்தாள். முதலாவது, தலைமை அலுவலகத்தில் இருக்கும் ஊழியர் பட்டியலைக் கேட்கும். அங்கிருந்து பதில் வராவிட்டால், இரண்டாவது மாட்யூல் சர்வருக்குள்ளேயே இருந்த சின்னப் பட்டியலைப் பார்க்கும். அதில் ஆபத்துக்கென்று மையத்துக்கு ஒரு கணக்கும் அவளுக்கு ஒரு கணக்கும் இருந்தன.

அந்த இரண்டாவதைத்தான் வெள்ளிக்கிழமை மாலை எடுத்திருந்தாள். சர்வருக்குள் இப்படித் தனிப் பட்டியலோ, பலர் பகிரும் பொதுக் கணக்கோ இருக்கக்கூடாது என்று ஆடிட் அறிக்கை சொல்லியிருந்தது. "லைன் போச்சுன்னா நானே உள்ள போக முடியாது சார்" என்று மேலாளர் திருச்செல்வத்துக்கு எழுதினாள். "எடுத்துடுங்க" என்று ஒரே சொல்லில் பதில் வந்தது. எடுத்துவிட்டாள்.

இன்று விடியற்காலையில் யாரோ சாலை தோண்டியதில் தலைமை அலுவலகத்தின் இணையக் கேபிள் அறுந்திருந்தது.

வீட்டிலிருந்தே கணினியைத் திறந்து முயன்றாள். மறுத்தது. மாற்ற வேண்டியது ஒரே ஒரு கோப்பு. ஐந்து நிமிட வேலை. ஆனால் கோப்பு உள்ளே, அவள் வெளியே. சர்வர் இருக்கும் கட்டடத்துக்கே போய்விடலாம் என்று சைபர்ஜெயாவுக்குக் காரை விரட்டினாள்.

வாசலில் காவலாளி அவளை அடையாளம் கண்டு சிரித்தார். ஆனால் திரையைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். "தாக் போலே, காக்," முடியாது அக்கா என்றார். உள்ளே போக அவளுடைய நிறுவனம் இணையத்தில் அனுமதி போட வேண்டும். அனுமதி போடுகிற பக்கமும் தலைமை அலுவலகத்தின் அதே ஊழியர் பட்டியலைத்தான் கேட்கும். அவள் கெஞ்சினாள். அவர் நாற்காலியைக் காட்டி, தண்ணீர் போத்தல் ஒன்றைக் கொடுத்தார். திருச்செல்வத்தின் போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பாரில்லை.

எட்டரைக்குப் புனிதா மறுபடி கூப்பிட்டாள்.

"மத்தவங்கள வருஷக்கணக்கா பாக்குறோம், சமாளிச்சிட்டோம். ஜெஞ்சாரோம்லருந்து ஒருத்தர் புதுசு, ரெங்கசாமின்னு. இது ரெண்டாவது தடவதான். உடம்புலருந்து எவ்வளவு தண்ணி எடுக்கணும், என்ன மருந்து ஒத்துக்காது, ஒண்ணும் தெரியல."

"பேப்பர் ஃபைல் இருக்குமே?"

"போன வருஷமே நிறுத்தச் சொல்லிட்டீங்களே அக்கா."

"டாக்டர்?"

"பிளேன்ல இருக்காரு. பதிலுக்கு வர்ற டாக்டர், ரெக்கார்ட் பாக்காம கை வைக்க மாட்டேன்றாரு. இவருக்கு சனி, ஞாயிறு தண்ணியெல்லாம் உடம்புல நிக்குது. கால் வீங்கிருக்கு. எப்ப சரியாகும்னு சொல்லுங்க."

"தெரியல புனிதா."

பதினோரு வருடத்தில் அந்தப் பதிலை அவள் சொன்னதே இல்லை. போனை மடியில் வைத்துக்கொண்டு, அட்டையைத் தட்டிவிட்டு உள்ளே போகிறவர்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

பத்தே முக்காலுக்குக் கேபிள்காரர்கள் லைனை ஒட்டினார்கள். எல்லாம் தானாகவே திறந்துகொண்டது. அவள் விரல்கூட அசைக்கவில்லை. அதற்கு அரை மணி முன்பே ரெங்கசாமி சிகிச்சை எடுக்காமலே வீட்டுக்குக் கிளம்பிவிட்டிருந்தார். கூட்டிவந்த மருமகன் லோரி ஓட்டும் வேலைக்குப் போக வேண்டியிருந்ததாம். சிஸ்டம் திறந்ததும் புனிதா திரும்ப வரச்சொல்லி அழைத்தாள், மருமகன் எடுக்கவில்லை. சாயங்காலம் மூச்சுத் திணறி, அவரைப் பெரிய ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சையில் சேர்த்தார்கள்.

செவ்வாய்க்கிழமை சுபாங் ஜெயா அலுவலகத்தில் சுதர்சினி திருச்செல்வத்தின் அறைக்குப் போனாள்.

"ரெண்டாவது மாட்யூலத் திரும்பப் போடணும் சார். எனக்கு மட்டுமாவது ஒரு கணக்கு."

"அடுத்த மாசம் ஆடிட் திரும்ப வருது. எடுத்தாச்சுன்னு எழுதிக் குடுத்துட்டேன். லைன் அறுந்தது நம்ம தப்பு இல்ல."

"உள்ள போக வழியில்லாம வெச்சது யார் தப்பு சார்?"

அவர் கணினித் திரையை அவள் பக்கம் திருப்பினார். வெள்ளிக்கிழமை மாலை, ஐந்து பன்னிரண்டு. மாற்றம் செய்தவர்: சுதர்சினி.

"இத நானும் பெருசாக்கல. நீங்களும் விட்டுடுங்க" என்றார். குரலில் மிரட்டல் இல்லை, களைப்புதான் இருந்தது.

இரண்டு வாரம் கழித்து ரெங்கசாமி மையத்துக்குத் திரும்பினார் என்று புனிதா சொன்னாள். சுதர்சினி விடுப்பு எடுத்துக்கொண்டு கிள்ளானுக்குப் போனாள். என்ன சொல்லப்போகிறோம் என்று தெரியாமலேயே போனாள். மெலிந்து, கன்னம் ஒட்டிப்போய், கையில் குழாய்களோடு சாய்ந்திருந்தார் அவர். ஆபீஸிலிருந்து வந்திருக்கிறார்கள் என்று புனிதா அறிமுகப்படுத்தினாள்.

"அன்னிக்கு கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சாமே. நீங்கதான் சரி பண்ணவங்களாம்மா?"

"இல்ல அங்கிள். நான் ஒண்ணும் செய்யல."

"அப்படிச் சொல்லாதீங்க. எனக்காக அவ்வளவு தூரம் ஓடிப்போய் காத்திருந்தீங்கன்னு இந்தப் பொண்ணு சொல்லுச்சு." குழாய் இல்லாத கையால் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "நன்றிம்மா."

அன்று வழியை அடைத்தவளே நான்தான் என்பது வாய்வரை வந்து நின்றது. அவர் கண்ணயரும்வரை கையை விடுவிக்காமல் நின்றாள்.