ஒன்பதுக்கு அப்புறம் பத்து

மற்ற புரோகிராமர்கள் எடுத்துப் பயன்படுத்தும் இலவச மென்பொருள் தொகுப்பு ஒன்றை என் கணவர் ஜெர்சன் ஐந்து வருடமாகத் தனியாளாகப் பராமரிக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகூட ஓய்வில்லை.

"2.0 பதிப்பை வெளியிட்டதும் வேற யார்கிட்டயாவது கொடுத்துடறேன், கெசியா" என்றிருந்தார்.

1.9 வந்தது. அடுத்தது 2.0தானே என்று, பெருங்களத்தூரில் ஏறுவதுபோல் கொடைக்கானல் பஸ்ஸுக்கு டிக்கெட் போட்டேன். இன்று அவர் வெளியிட்டது 1.10.

"ஒன்பதுக்கு அப்புறம் பத்தா? அப்போ ரெண்டு எப்பதான் வரும்?"

"பழசு ஏதாவது வேலை செய்யாமப் போற மாதிரி மாத்தினாதான் ரெண்டு. இல்லன்னா பதினொண்ணு, பன்னெண்டுன்னு போயிட்டே இருக்கும்."

"அப்போ மாத்தித் தொலைங்களேன்!"

"பழசுல கை வைக்கவே மாட்டோம்னு விதி இருக்கே."

"எந்த மகராசன் எழுதின விதி?"

லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார். விதிகளுக்குக் கீழே, கொட்டை எழுத்தில், 'ஜெர்சன், செம்பாக்கம்' என்று இருந்தது.