கமலா பேரில் மூன்று காயங்கள்

எங்கள் கம்பெனி டிஸ்பென்சரியில் மருந்து வேண்டுமென்றால் மெடிக்கல் புத்தகம் காட்ட வேண்டும். பெர்மனென்ட் ஆளின் பெண்டாட்டி பிள்ளைகள் பேர்தான் அதில் இருக்கும். பேர் இல்லாதவர்களைத் திருப்பி அனுப்புவது நர்சான என் வேலை. அதை ஒழுங்காகச் செய்திருந்தால்கூட இவ்வளவு பாவம் சேர்ந்திருக்காது.

போர்மேன் பரமசிவத்தின் மனைவி சுப்புலட்சுமி, வீட்டு வேலைக்கு வைத்திருந்த பெரியநாயகியை முதலில் கூட்டி வந்தது எழுபத்தொன்பது சித்திரையில். காடாம்புலியூர்ப் பெண், ஒன்பது வயது. முழங்கை வரை வெந்திருந்தது.

"கஞ்சியைக் கொட்டிக்கிட்டா சிஸ்டர். என் பொண்ணு கமலா பேர்ல எழுதிக்குங்க, பாவம்."

நானும் பாவம் பார்த்தேன். கமலா, வயது ஒன்பது, தீக்காயம் என்று எழுதி மருந்து போட்டேன். டாக்டர் தலை நிமிராமல் கையெழுத்துப் போட்டார்.

ஆடியில் முதுகில் கரண்டிச் சூடு. கார்த்திகையில் கதவிடுக்கில் நசுங்கிய விரல். எல்லாம் கமலா பேரில்தான். சூடு வைத்தது யாரென்று அந்தப் பெண்ணின் கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. கேட்டால் சுப்புலட்சுமி அடுத்த தடவை கூட்டி வர மாட்டாள், மருந்தாவது கிடைக்கட்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மகா புத்திசாலி நான்.

தை மாதம் பெரியநாயகியின் அம்மா விருத்தாம்பாள் வந்து நின்றாள். புருஷன் தனகோடிக்குப் பரமசிவத்தின் கீழே காண்ட்ராக்ட் வேலை. பெர்மனென்ட் ஆக்குவதாக அவர் ஆசை காட்டியிருந்ததால், மகளை மீட்க அவன் வரவில்லை.

"புள்ளைய அனுப்ப மாட்டேங்கிறாங்க. ஸ்டேஷன்ல போய் அழுதேன். தழும்பெல்லாம் ஊர்லயே பட்டதா இருக்கும், ஆஸ்பத்திரி சீட்டு வாங்கிகினு வான்னுட்டாங்க. நீங்கதான் மருந்து போட்டீங்கன்னு புள்ள சொல்லிச்சுங்க."

நோட்டைப் பிரித்தேன். பெரியநாயகி என்ற பேரே அதில் கிடையாது. உண்மையைச் சொன்னால் பொய்யாக எழுதியதற்கு என் வேலை போகும், குவார்ட்டர்ஸ் போகும். டாக்டரைப் பார்த்தேன். அவர் பேனாவுக்கு மை ஊற்றிக்கொண்டிருந்தார்.

"அந்தப் பேர்ல யாரும் இங்க வந்ததில்லம்மா" என்றேன்.

அவள் சண்டை போடுவாள் என்று நினைத்தேன். போட்டிருந்தால் ஒருவேளை சொல்லியிருப்பேன்.

"பொய் சொல்லியிருக்குது பாருங்க. மன்னிச்சுக்குங்க" என்று எனக்குக் கும்பிடு போட்டாள். மகளை நாலு அதட்டு அதட்டிவிட்டுப் போவதற்காகப் பரமசிவம் குவார்ட்டர்ஸ் பக்கம் நடந்தாள்.