கொடிமரத்துக்குப் பன்னிரண்டு நாள்

காலை ஆறரை மணிக்கு ரொட்டிக் கடை வாசலில் பாதி ஊர் நிற்கும். அன்றைக்கு அந்த வரிசையைக் கலைத்துக்கொண்டு வந்தான் அதெமார். தோளில் ஒரு கோணிச்சாக்கு.

"பாருங்கய்யா! மஞ்சக் காய்ச்சலையே அடிச்சுக் கொண்டாந்துட்டேன்!"

சாக்கை உதறினான். செம்பட்டை முடி ஊளைக் குரங்கு ஒன்று, மண்டை உடைந்து, தரையில் விழுந்தது. குரங்குதான் காய்ச்சலைப் பரப்புகிறது என்று நம்பிய கூட்டம் கை தட்டியது. அறிவை வீட்டில் வைத்துவிட்டு வந்த கூட்டம் வேறென்ன செய்யும்?

எதிரே பேருந்து நிறுத்தத்தில் பனிக்கட்டிப் பெட்டியோடு நின்றிருந்தாள் ஜுரேமா. சுகாதார அலுவலகத்துக்காகக் காட்டில் கொசு பிடிப்பதும், செத்த விலங்குகளைச் சோதிப்பதும் அவள் வேலை. காப்பித் தோட்டத்து ஓரம் தானாகச் செத்துக் கிடந்த இரண்டு குரங்குகளின் ஈரல் துண்டுகள் அந்தப் பெட்டியில் இருந்தன. ஏழு மணிப் பேருந்தில் அவை தலைநகர ஆய்வுக்கூடத்துக்குப் போக வேண்டும்.

"பெட்டியைத் திருப்பி எடுத்துட்டுப் போம்மா. செபஸ்தியார் திருவிழா முடியட்டும்" என்றார் அலுவலகத் தலைவர் எவால்து. "காய்ச்சல்னு பேர் கிளம்பிச்சுன்னா வெளியூர்க் கூட்டம் வராது. மேயர் என் தோலை உரிச்சிடுவார்."

"உங்க தோலைக் காப்பாத்த இருநூறு பேர் சாகணுமாய்யா?"

இருநூறு என்பது சும்மா சொன்ன கணக்கில்லை. இன்னும் பன்னிரண்டு நாளில் ஊர் ஆண்கள் இருநூறு பேரும் காட்டுக்குள் போய், திருவிழாக் கொடிமரத்துக்கு ஒரு மரத்தை வெட்டி, கயிறு கட்டி ஊருக்கு இழுத்து வருவார்கள். தடுப்பூசி உடம்பில் வேலை செய்யப் பத்து நாள் ஆகும். மருந்தோ அலுவலகக் குளிர்பெட்டியில் தூங்கிக்கொண்டிருந்தது. கொள்ளைநோயிலிருந்து காக்க செபஸ்தியார் இருக்கும்போது ஊசி எதற்கு என்று ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

பேருந்து வந்தது. ஜுரேமா பெட்டியை ஓட்டுநர் கையில் கொடுத்துவிட்டு, பக்கத்தில் நின்ற திருவிழா அறிவிப்பு வண்டியில் ஏறி ஒலிவாங்கியைப் பிடுங்கினாள்.

"இறங்கு! வேலை போயிடும்!" எவால்து கத்தினார்.

"போகட்டும்! அதெமாரண்ணே, அந்தக் குரங்கோட கண்ணைப் பாருங்க. வெள்ளையா இருக்கா? நான் எடுத்த ரெண்டுக்கும் கண்ணெல்லாம் மஞ்சள். நீங்க நல்லா இருந்த குரங்கை அடிச்சிருக்கீங்க. குரங்கு நமக்கு நோய் தராதுண்ணே. அதைக் கடிக்கிற கொசுதான் நம்மளையும் கடிக்குது. அது நமக்கு முன்னாடி செத்து, உஷாரா இருன்னு சொல்லுது. ஆய்வு முடிவு வரட்டும்னு காத்திருந்தா பத்து நாள் கணக்குத் தப்பிடும். இன்னைக்கே ஊசி போடுங்க!"

அதெமார் குனிந்து குரங்கின் இமையை விலக்கிப் பார்த்தான். வெள்ளை. முகம் சுருங்கிப்போனது. கயிற்றின் தலைப்பில் நின்று மரத்தை இழுப்பவன் வருஷா வருஷம் அவன்தான். சட்டைக் கையை மடித்தான்.

"ஐயோ, மாமனுக்கு ஊசின்னாலே மயக்கம் வருமே!" கூட்டத்தில் எவனோ சிரித்தான்.

"விழுந்தா தூக்குங்கடா! உங்க கையும் கயித்தைப் பிடிக்கிற கைதானே, என்னையும் பிடிங்கடா!"

ஒரு மணி நேரத்தில் அலுவலக வாசலில் வரிசை சந்தைவரை நீண்டது. எவால்து கதவை மறித்துக்கொண்டு நின்றார். "நாளைக்குப் பாத்துக்கலாம். எல்லாரையும் வீணா பயமுறுத்துறா இவ!"

அதெமார் அவர் முகத்துக்கு நேரே போய் நின்றான்.

"நான் தெரியாம, வெறும் குரங்குன்னு நினைச்சு ஒரு காவல்காரனைக் கொன்னுட்டேன். அந்தப் பாவம் என்னோட இருக்கட்டும். நீங்க தெரிஞ்சே இன்னொரு காவல்காரன் வாயைப் பொத்துறீங்க. ஆபத்துன்னு சொல்றவன் வாயை அடைச்சா ஆபத்து போயிடாது சார், சொல்லாம வரும். வழியை விடுங்க. இல்லேன்னா முதல்ல நீங்க கையை நீட்டுங்க."

எவால்து வழியை விட்டார்.