துக்க வீட்டு டிவி

சுருளியாண்டி வாத்தியார் போய்ச் சேர்ந்த மறுநாளே அவருடைய கம்ப்யூட்டரின் மானிட்டரும் கண்ணை மூடியது. எசமானோடவே போயிருச்சு என்று மார்க்கையன்கோட்டையே மெச்சியது. அந்தப் பெருமை கருமாதிக்கு முதல் நாள்வரைதான் நின்றது. பெங்களூரிலிருந்து வந்த வாத்தியாரின் அக்காள் மகன் கார்த்திக்ராஜ், எச்.டி.எம்.ஐ கேபிளால் கம்ப்யூட்டரைக் கூடத்து டிவியில் மாட்டினான். திரை எழுந்தது. நடுவில் 'பேச்சு' என்ற பெயரில் ஓர் ஒலிப்பதிவு.

வாத்தியாரின் மனைவி அக்கம்மாளுக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. அந்தக் குரலை இனிக் கேட்கப்போவதில்லை என்று அவள் மனதைத் தேற்றி வைத்திருந்தாள். கொழுந்தன் ஒச்சாண்டிக்கும் அடித்துக்கொண்டது, அது வேறு அடிப்பு.

"திராட்சைத் தோட்டத்தப் பத்தித்தான் அண்ணன் சொல்லியிருப்பாக. எல்லாரும் இங்கன வாங்கப்பா!"

எல்லாரும் வந்தார்கள். சத்தம் மட்டும் வரவில்லை.

"மாமா கம்ப்யூட்டர்ல விண்டோஸ் இல்ல, லினக்ஸ். அதுன்னா இப்பிடித்தான் அத்தை. ஊரு போற ரோட்டுல மாமா போகமாட்டாக" என்ற கார்த்திக்ராஜ், கறுப்புத் திரையில் வரிவரியாகக் கட்டளை அடித்தான். கம்ப்யூட்டரை அணைத்து அணைத்துப் போட்டான். ஒச்சாண்டி ஸ்பீக்கரைத் தூக்கி மோந்து பார்த்தார். பம்புசெட் மோட்டாரில் கம்பிச்சுருள் கருகினால் மூக்குதானே முதலில் சொல்லும்?

"கருகல் வாடை இல்ல. சாமான் நல்லாத்தான் இருக்கு."

போனில் ஏற்றிக் கேட்கலாமே என்று யாரோ சொன்னதற்கு, "பிரச்சனையத் தீக்காம ஓடச் சொல்றீகளா?" என்று கார்த்திக்ராஜ் சீறினான்.

மூத்த நாத்தனார் சங்கிலியம்மாள் டிவிக்கு நேர் எதிரே அமர்ந்திருந்தாள். கருமாதி முடியும்வரை துக்க வீட்டில் டிவி பாடக் கூடாது என்று, தம்பி இறந்த அன்றே சத்தத்தை அடைத்து ரிமோட்டைச் சுருக்குப்பையில் போட்டு இடுப்பில் செருகியவள் அவள். பிள்ளைகள் கிரிக்கெட்டை ஊமையாகவே பார்த்தார்கள்.

"ஏலே, பெங்களூர்ல இதத்தான் படிச்சியா?" என்று மகன் கார்த்திக்ராஜை இடித்தாள்.

அவனுக்கு ரோசம் வந்துவிட்டது. "எல்லாத்தையும் அழிச்சுட்டு விண்டோஸ் போட்ருவோம் அத்தை. பேச்ச மட்டும் பத்திரமா எடுத்து வச்சிருவேன்."

போன தடவை அவன் பத்திரமாக எடுத்து வைத்ததில்தான் வாத்தியார் மகளின் கல்யாணப் படங்கள் காணாமல் போயின. அக்கம்மாள் எழுந்து வந்து மௌசின் மேல் கை வைத்தாள்.

"இரு தம்பி. இந்தப் பச்சைக் கோடு குதிக்குதே, அது என்ன?"

"சத்தம் ஓடுதுன்னு அர்த்தம். எங்க போகுதுன்னுதான் தெரியல."

"இந்த ஒயர்ல படம் மட்டுந்தான் போகுமா?"

"சத்தமும்தான் போ..." வாய் திறந்தபடி நின்றுவிட்டது.

அக்கம்மாள் திரும்பினாள். "மதினி, ரிமோட்டக் குடுங்க."

சங்கிலியம்மாளின் கை இடுப்பைப் பொத்தியது. "கருமாதி முடியலடி."

சாத்திரத்துக்கும் தம்பிக்கும் நடுவே கொஞ்ச நேரம் தவித்தவள், கடைசியில் சுருக்கை அவிழ்த்தாள். "டிவி சத்தம்தான் ஆகாது. எந்தம்பி சத்தம் ஆகும்."

டிவி செருமியது. வாத்தியாரின் செருமல்.

"டெஸ்டிங். அக்கம்மா, கேக்குதா? ஏ அக்கம்மா! அடுப்படியில இருக்கா போல."

பின்னாலிருந்து பாத்திரச் சத்தத்தோடு அக்கம்மாளின் குரல்: "ஊருக்கே கேக்குது. காப்பி ஆறுது, வாங்க."

அவ்வளவுதான்.

"தோட்டம்?" என்றார் ஒச்சாண்டி. சங்கிலியம்மாள் கண்ணைத் துடைத்தபடி சத்தத்தை மறுபடி அடைக்கப் போனாள். அக்கம்மாள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னொருக்கா போடு தம்பி. இந்தத் தடவை நான் அடுப்படியில இல்ல."